பிரட்டு இல்லாத ஐந்து நாள்

பன்விலையில் பிறந்த எங்களுக்குக் கடல் என்பது வெறும் பேச்சு. கண்டியிலிருந்து வத்தேகம வழியாக ஏறி வரும் பஸ், பன்விலைக் கடைவீதியில் வந்து மூச்சு வாங்கி நிற்கும். மேலே நக்கிள்ஸ் மலைத்தொடர், கீழே ஹுலுகங்கை, நடுவில் தேயிலை. எந்தப் பக்கம் திரும்பினாலும் பார்வை ஒரு மலையில் போய் முட்டும். பனி பள்ளத்தாக்கை நிரப்பி வைத்திருக்கும் காலைகளில் மட்டும் அப்பாயி வாசல் இஸ்தோப்பில் நின்று, "இந்தா பாரு, கடலு வந்துருச்சு" என்பாள். அவளும் கடலைக் கண்டதில்லை. அவளுடைய அப்பாயி கண்டதைத்தான் எங்களுக்குச் சொன்னாள்.

எனக்கு அப்போது பத்து வயது. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பராவில் ஆறு பேர் இருந்தோம். ஆனால் ஆறு பேரும் பகல் வெளிச்சத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உட்கார்ந்ததாக எனக்கு நினைவே இல்லை. விடியுமுன் அப்பா, பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பிரட்டுக்குப் போய்விடுவார். அம்மா ரொட்டியைச் சுட்டு அடுக்கிவிட்டு, கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, படங்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு மலை ஏறிவிடுவாள். பால் கொடுக்க நடுவில் ஒரு தரம் ஓடி வருவாள். அந்திக் கொழுந்து நிறுத்து அவள் திரும்பும்போது குப்பி விளக்கு ஏற்றும் நேரம் ஆகியிருக்கும். ஞாயிற்றுக்கிழமையும் பேர் போட்டால் வேலைதான். அம்மாவின் முகத்தை நான் மனப்பாடம் செய்தது விளக்கு வெளிச்சத்தில்.

பிறகு இந்தியாவுக்குப் போகும் கடுதாசி வந்தது. 1964 அக்டோபர் 30 அன்று டெல்லியில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர்களான நாங்கள் ஒரு கணக்கு. மொத்தம் 9,75,000 பேர். 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும், மீதி 1,50,000 பேரைப் பின்னால் பார்த்துக்கொள்வது. 1974இல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். நாலு தலைமுறை ஒரே மண்ணில் புதைந்த குடும்பங்களை எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பங்கு வைத்தது அநியாயம். அதை அன்றும் அநியாயம் என்றுதான் லயத்தில் சொன்னார்கள், இன்றும் நான் அப்படித்தான் சொல்வேன். ஆனால் 1973, 74 பஞ்சத்தில் தோட்டத்துச் சனம் கிழங்கும் கீரையும் தின்று சுருண்டு விழுந்ததைப் பார்த்த அப்பா, கண்டியில் இருந்த இந்தியத் தூதர் அலுவலகத்தில் வரிசையில் நின்று பாஸ்போர்ட் வாங்கிவிட்டார்.

1975 சனவரியில் கிளம்பினோம். எங்களைக் கொண்டுபோன ரயிலுக்கு மலையகம் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. வத்தேகமவில் ஏறி, கண்டி தாண்டி, பொல்கஹவெலவில் மாறி, இரவு முழுக்க வடக்கே போய், விடியும்போது தலைமன்னார். அப்பாயி கோச்சியில் அழவில்லை. மடியில் ஒரு வெண்கலச் செம்பை இறுகப் பிடித்திருந்தாள். அவளுடைய அப்பாயி தோணியில் கொண்டுவந்த செம்பு அது. தலைமன்னாரில் 'ராமானுஜம்' கப்பல் நின்றது. ஏறினோம், மூன்று மணி நேரம் போல ஓடியது, ராமேஸ்வரம் வந்துவிட்டது. "அவ்வளவுதானா?" என்றாள் அப்பாயி. பெரிய கடலென்று பிள்ளைக் காலம் முதல் கேட்டு வளர்ந்தவள், ஏமாந்துபோனாள்.

மண்டபம் முகாமில் ஒன்றரை மாதம். வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டங்களுக்கு ஆள் அனுப்ப, நோய் உண்டா என்று சலித்துப் பார்த்த அதே முகாம். போன வழியிலேயே எங்களைத் திருப்பி வாங்கிக்கொண்டது. சிலருக்கு நீலகிரித் தேயிலை கிடைத்தது, சிலருக்கு நூற்பாலை, சிலருக்குக் கடைக்கடன். எங்களுக்கு, நிக்கோபாரில் கச்சால் என்றொரு தீவு, அங்கே ரப்பர்த் தோட்டம், குடும்பத்தோடு போனால் வேலையும் வீடும் என்றார்கள். அப்பா சரி என்றார். தோட்ட வேலை தவிர வேறெதுவும் தெரியாது, எங்கே போனாலும் லயம்தானே என்பது அவர் கணக்கு. அது எவ்வளவு தொலைவு என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கடல்வழி 1,190 கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து கச்சால் இன்னும் 400 கிலோமீட்டருக்கும் கூட. இடையில் காத்திருந்தது போக, நீர்மேல் மட்டும் ஐந்து நாள்.

எங்களுக்குக் கிடைத்தது கப்பலின் அடித்தட்டு. இரும்புக் கட்டில்கள் இரண்டு இரண்டாக, ஒன்றன்மேல் ஒன்று. என்ஜின் எண்ணெய் நாற்றம், துரு நாற்றம், அடுத்தவர் வாந்தி நாற்றம். முதல் நாள் யாரும் எழவில்லை. அப்பாயிதான் முதலில் தெளிந்தவள். எலுமிச்சங்காயை நகத்தால் கீறி ஒவ்வொருவர் மூக்கிலும் வைத்தாள். பிறகு அந்தக் கட்டில்களைக் காம்பராவாக மாற்றத் தொடங்கினாள். அம்மாவின் பழைய படங்கு மறைப்பானது. மேல்கட்டில் சாமான் வைக்க, கீழ்க்கட்டில் படுக்க. செம்பில் தண்ணீர், தலைமாட்டில். இரண்டு கட்டில் கம்பிகளுக்கு இடையில் அம்மாவின் சேலையைத் தூளி கட்டித் தம்பியைப் போட்டார்கள். கப்பலே ஆட்டியது. அம்மா வெறும் கையோடு பக்கத்தில் உட்கார்ந்து தாலாட்டினாள். பட்டப்பகலில் அவள் பாடி அன்றைக்குத்தான் கேட்டேன். அவ்வளவு நல்ல குரல் எங்கள் வீட்டில் இருந்தது எனக்குத் தெரியாது.

இரண்டாம் நாள் காலை அப்பா விடியுமுன் எழுந்துவிட்டார். முண்டாசைக் கட்டிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். எங்கே போவது? தப்புச் சத்தம் இல்லை, கங்காணி இல்லை, பேர் கூப்பிட ஆள் இல்லை. கையை முழங்காலில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். பிறகு என்னை எழுப்பி, "வா புள்ள, மேல போய்ப் பாப்பம்" என்றார். தட்டுக்குத் தட்டு ஏணி ஏறி வெளியே வந்தோம். சூரியன் எழுந்து நின்றது. அப்பா குழம்பினார். பன்விலையில் மலைக்கு அந்தப் பக்கம் நின்று மெதுவாக வரும் சூரியன் இங்கே அவருக்கு முன்னால் வந்துவிட்டது. மறுநாள் இன்னும் சீக்கிரம். அதற்கடுத்த நாள் இன்னும். கிழக்கே ஓடும் கப்பலில் கடிகாரம் இந்திய நேரத்தையே காட்டும். சூரியன் மட்டும் முந்திக்கொண்டே போகும். சென்னைக்கும் அந்தமானுக்கும் முக்கால் மணிக்குக் கொஞ்சம் மேல் வித்தியாசம். பள்ளிக்கூடப் புத்தகத்தில் பிற்பாடு படித்தபோதுதான் எனக்கு அது விளங்கியது. அப்பா சொன்ன விளக்கம் வேறு: "இந்த ஊருல சூரியனுக்கும் பிரட்டு போல."

மூன்று வேளையும் மணி அடித்தால் தட்டை ஏந்தி வரிசையில் நிற்க வேண்டும். சோறும் பருப்பும் குறையில்லாமல் போட்டார்கள். பஞ்சம் கண்ட வயிறு அதைக் குறை சொல்லாது. தேநீர்தான் அப்பாயிக்குப் பொறுக்கவில்லை. பாலும் சீனியும் இலையும் ஒரே அண்டாவில் போட்டுக் கொதிக்க வைத்த சங்கதி. ஒரு வாய் குடித்துவிட்டு, "இத தேத்தண்ணின்னு சொன்னா கொழுந்துக்கே பாவம்" என்று கீழே வைத்துவிட்டாள். துணி மூட்டையின் அடியில் பன்விலைத் தேயிலை அரை இறாத்தல் வைத்திருந்தாள். டஸ்ட்தான், நல்ல இலையைப் பறித்துக் கொடுத்தவர்களுக்குத் தோட்டம் கொடுத்தது தூள். அப்பா சமையற்கட்டில் கெஞ்சிச் சுடுதண்ணீர் வாங்கி வந்தார். அப்பாயி செம்பில் சாயத்தண்ணி ஊற்றினாள். வாசனை போன திசையிலிருந்து மலையகத்து ஆட்கள் கட்டில் கட்டிலாக எழுந்து வந்தார்கள். மடுல்கலைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று, பதுளைக் குடும்பம் ஒன்று, அப்புத்தளைக் கிழவர் ஒருவர். ஆளுக்கு அரைக் கிளாஸ். அந்தக் கிழவர் கிளாஸை முகத்தருகே வைத்து வாசனை பிடித்துக்கொண்டே இருந்தார், ஆறிப்போகும் வரை.

மத்தியான நேரங்களில் செய்ய ஒன்றும் இருக்காது. அம்மா என்னை மடியில் சாய்த்துப் பேன் பார்த்தாள். எவ்வளவு நேரம்! ஒரு நாள் முழுக்க அவள் விரல் என் தலையில் இருந்தது. அவளுடைய விரல்களில் தேயிலைக் கறை கறுப்பாக ஊறியிருந்தது. உச்சந்தலையில் கூடைக்கயிறு அழுத்திய இடத்தில் முடி தேய்ந்து வழுக்கையாக ஒரு தடம். அதைத் தொட்டுப் பார்த்தேன். "வலிக்குமாம்மா?" என்று கேட்டேன். "இப்ப இல்ல" என்றாள். தூங்கும்போது அவள் கைவிரல் இரண்டும் அசைந்துகொண்டே இருந்தன, இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளுவது போல. அப்பாவும் அதைப் பார்த்தார். மெதுவாக அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். என் அப்பா என் அம்மாவைத் தொட்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

இரவில் புழுக்கம் தாங்காமல் மேல்தட்டில் பாய் விரித்துப் படுப்போம். அப்பாயி அங்கேதான் தோணிக் கதையைச் சொன்னாள். கோப்பிக் காலம். அவளுடைய அப்பாயி புதுக்கோட்டைப் பக்கத்துச் சிறுமி. அம்மாபட்டினத்துக் கரையில் பாய்மரத் தோணியில் கங்காணி ஏற்றிய சனத்தோடு சனமாக உட்கார்ந்தாள். ஒரு ராத்திரிப் பயணம் என்றார்கள். நடுவில் காற்று விழுந்துவிட்டது. பாய் துவண்டு தொங்க, தோணி இரண்டு பகல் அசையாமல் நின்றது. குடிதண்ணீரைச் செம்பால் அளந்தார்கள். அந்தச் செம்பு. பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரி ஒருத்திக்கு மட்டும் இரண்டு அளவு. மன்னார்க் கரை இறங்கி, காடு வழியாக மாத்தளை வரை நடை. காய்ச்சலிலும் பேதியிலும் விழுந்தவர்களை வழியிலேயே விட்டு வந்தார்கள். 1869இல் கோப்பி இலையில் நோய் விழுந்து, கொஞ்ச வருடத்தில் அந்தத் தோட்டங்களெல்லாம் தேயிலையானபோது அதே சிறுமி தேயிலை நட்டாள். மன்னாரிலிருந்து நடந்த அந்த வடக்கு வழியில் செத்தவர்களைப் பற்றிப் பின்னாளில் நிறையப் படித்தேன். தோணியில் தண்ணீர் அளந்த செம்பைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போர்ட் பிளேரில் இறங்கிக் காத்திருந்து சின்னக் கப்பல் ஏறினோம். அந்தமானுக்கும் நிக்கோபாருக்கும் நடுவில் பத்து டிகிரி கால்வாய் என்ற அகன்ற நீர்வெளி இருக்கிறது. கால்வாய் என்ற பெயரைக் கேட்டு ஏமாறக் கூடாது. 150 கிலோமீட்டர் அகலம். மாசிக் கடைசியிலும் அங்கே கடல் கப்பலைப் புரட்டி எடுத்தது. அந்த ராத்திரி எங்கள் ஆறு பேரையும் அப்பா ஒரே கயிற்றில் கட்டிலோடு சேர்த்துக் கட்டினார், கவ்வாத்து மலையில் விறகுக் கட்டுக்குப் போடும் அதே முடிச்சு. தங்கை மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தாள். ஆறு பேரும் ஒருவர் மூச்சு ஒருவர் மேல் படக் கிடந்தோம். பயந்தேன்தான். ஆனால் விடியவே வேண்டாம் என்றும் இருந்தது.

விடிந்தது. கார் நிக்கோபார், கமோர்ட்டா, கடைசியில் கச்சால். படகில் இறக்கினார்கள். மூன்றாம் நாள் காலை அப்பாவும் அம்மாவும் ரப்பர்க் காட்டுக்குப் போய்விட்டார்கள். தம்பியை நான் பார்த்துக்கொண்டேன்.

அப்பாயி இரண்டாம் மழைக்காலத்தில் போனாள். அப்பா 1990இல். 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், இந்தியாவில் புத்தாயிரத்தின் முதல் சூரியன் கச்சாலில்தான் விழும் என்று பத்திரிகைகள் எழுதின; வெளியூர் சனம் கப்பலேறிப் போய்ப் பார்த்தது. சூரியனுக்கும் பிரட்டு என்றவர் அதைக் கேட்க இல்லை. 2004 டிசம்பர் 26 கடல், கச்சாலின் கரையோரத்தைத் துடைத்தெடுத்தது. ஆயிரக்கணக்கில் மாண்டார்கள், பெரும்பாலும் நிக்கோபாரி மக்கள். நானும் அம்மாவும் அதற்குள் திருச்சிக்கு வந்துவிட்டோம். தொலைக்காட்சியை அணைக்கச் சொன்னாள் அம்மா. அன்று ராத்திரி அவள் பேசியது அலையைப் பற்றி அல்ல. கப்பலில் தம்பிக்குக் கட்டிய தூளியைப் பற்றி.

'ராமானுஜம்' 1984இல் நின்றது. போர் தின்ற தலைமன்னார் ரயில்பாதையை 2015இல் மறுபடி போட்டார்கள். மறு ஆண்டு நான் விமானத்தில் கொழும்பு போய், கண்டி போய், பன்விலை பஸ் ஏறினேன். கடைவீதி பெருத்திருந்தது. பனி அப்படியே இருந்தது. லயமும் நின்றது, தகரம் மட்டும் புதுசு. எங்கள் காம்பரா இஸ்தோப்பில் ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். உள்ளே தூளி ஆடியது. ஆட்டியவளுக்கு எட்டு வயது இருக்கும்.

"அம்மா எங்கம்மா?" என்று கேட்டேன்.

"மலையில நிக்கிது. கொழுந்து நிறுத்துட்டு அஞ்சு மணிக்குத்தான் வரும்" என்றாள் அந்தப் பிள்ளை.

மணி அப்போது காலை பதினொன்று.