முதல் தேதிச் சம்பளம்

உங்கள் குழந்தை படிக்கிற பள்ளிக்கூடத்துப் பலகையை நின்று படித்ததுண்டா, சகோதரி? ‘அரசு உதவி பெறும்’ என்றிருந்தால், நிர்வாகம் தனியாருடையது. உபாத்தியாயர் சம்பளம் சர்க்காருடையது. இந்த மானிய ஏற்பாட்டுக்கு வித்து, சார்லஸ் உட் துரையின் 1854-ஆம் வருஷத்துக் கல்வி அறிக்கை.

கும்பகோணத்தில் என் அத்தை அப்படியொரு பள்ளியில்தான் வேலை பார்த்தாள். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாலும் திறக்காவிட்டாலும் அவளுக்குச் சம்பளம் உண்டு. எங்கள் வீட்டுக் கடனே அதில்தான் அடைந்தது!

அத்தை பெண்ணும் டீச்சர்தான். ஆனால் 1991-92 முதல் தோன்றிய பள்ளிகளுக்கு மானியம் இல்லையென்பது சட்டம். அவள் பள்ளி அதற்குப் பிந்தியது. நெல் விற்றால் பீஸ், பீஸ் வந்தால் சம்பளம். மே மாதம் அதுவும் கிடையாது.

போன மே மாதம் அத்தை தன் பென்ஷனிலிருந்து நோட்டுகளை எண்ணிக் கொடுத்தாள். பெண் பேசாமல் வாங்கிக்கொண்டு, அடுத்த வருஷத்துப் பாடக் குறிப்பு எழுத உட்கார்ந்துவிட்டாள்.