காந்தத்தில் ஒட்டும் கம்பி

சோளகக் காற்று களப்பைக் கலக்கிக்கொண்டிருக்கிறது. கற்பிட்டியில், களப்போரத்துப் பட்டறையொன்றில் ஒரு படகு எஞ்சின் மூடி திறந்து கிடக்கிறது. புகைக்குழாயில் வெப்பநிலை உணரியான கே வகைத் தெர்மோகப்பிள். அதன் கம்பி எட்டாததால் நடுவே இன்னொரு துண்டு முடிந்து மீற்றருக்கு இழுத்திருக்கிறார்கள்.

"சூடேற ஏற மீற்றர் கீழ இறங்கிச்சு நானா. மீற்றர்ல வயர மாத்திக் குடுத்தேன், சரியாப் போச்சு," என்கிறான் பையன்.

அவன் 'நானா' என்றழைக்கும் மூத்தவர் பேசவில்லை. உணரியைக் கழற்றிக் கொதிக்கும் கேத்தலுக்குள் விடுகிறார். 100. பையன் முகம் மலர்கிறது. அடுத்து, வெந்நீர்ப் போத்தலொன்றைக் கம்பி முடிந்த இடத்தில் அணைத்துப் பிடிக்கிறார். கேத்தல் கொதித்தபடியே இருக்கிறது. மீற்றரோ 90, 80 என்று இறங்கி 60க்கும் கீழே போகிறது.

குரோமெல், அலுமெல் என்ற இரு கலப்புலோகங்களின் இணைதான் கே வகைத் தெர்மோகப்பிள். ஒரு பாகை வித்தியாசத்துக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட்தான் பிறக்கும். நீட்டுவதற்குச் செப்புக் கம்பி போட்டால், முடிச்சு மீற்றரைவிட எத்தனை பாகை சூடோ அத்தனை பாகை குறைத்துக் காட்டும். பையன் போட்டது சரியான உலோகம். ஆனால் தலைமாற்றி முடிந்து, மீற்றரிலும் தலைமாற்றிவிட்டான். அப்போது பிழை இரட்டிக்கிறது. எண்கள் மட்டும் ஒழுங்காக ஏறும். குளிர்ந்த எஞ்சினில் எத்தனை முறை சோதித்தாலும் இது அகப்படாது. அதுதான் அச்சம் தருகிறது.

பையனைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. பற்றரியில் சிவப்பு நேர் என்று பழகிய கை. அமெரிக்க நிறமுறையில் வரும் இந்த வயரில் மஞ்சள்தான் நேர், சிவப்பு எதிர். சர்வதேச முறையில் பச்சை நேர், வெள்ளை எதிர்.

நானா நிறத்தைப் பார்ப்பதேயில்லை. உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தை எடுத்து, சுரண்டிய நுனி ஒவ்வொன்றிலும் வைக்கிறார். ஒட்டுவது அலுமெல், எதிர். ஒட்டாதது குரோமெல். ஒட்டியதை ஒட்டியதோடும் ஒட்டாததை ஒட்டாததோடும் சேர்த்து நெரிக்கிறார். இரண்டு இணைப்பும் ஒரே சூட்டில் இருக்கும்படி அருகருகே வைத்துச் சுற்றுகிறார்.

வீட்டுக் கொட்டகையில் தாமே சிறுவிமானம் கட்டிப் பறப்பவர்கள் பலரும் இதே கம்பியை நம்புகிறார்கள். லைக்கமிங் எஞ்சின்கள் பலவற்றில் சிலிண்டர் தலையின் உச்ச வரம்பு 260 பாகை செல்சியஸ். மீற்றர் 40 பாகை குறைத்துச் சொன்னால், விமானி வரம்பைத் தாண்டியது தெரியாமலே ஏறிக்கொண்டிருப்பார்.

மீண்டும் கேத்தல், மீண்டும் போத்தல். 100 அசையவில்லை.

"மத்த எஞ்சினையும் பாரு தம்பி," என்று காந்தத்தை நீட்டுகிறார் நானா.