தனி ஆவர்த்தனத்துக்கு யார் வக்கீல்?

ஸ்பூல் கையில் இருந்தால் பாட்டும் தன்னுடையதுதான் என்று எதிர்த்தரப்புக்காரர் நம்பிக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா எழுபதுகளில் மயிலாப்பூர் சபா ஒன்றில் மைக்செட் பார்த்தவர். ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஒயர் இழுத்து ஒரு கச்சேரியைப் பதிவு செய்து வைத்திருந்தார். அதை எல்.பி. இசைத்தட்டாகப் போட மகன் ஒரு கம்பெனியோடு ஒப்பந்தமே போட்டுவிட்டார். பாடியவர் தாமே சாகித்யம் எழுதி, மெட்டமைத்துப் பாடியவர், காலமாகிவிட்டார். அவருடைய மகள் என் கட்சிக்காரர்.

பாடல் வரிக்கும் இசைக்கும், இயற்றியவர் காலத்துக்குப் பின் 60 ஆண்டுவரை பதிப்புரிமை உண்டு. வரிகளில் தகராறு இல்லை. இசையில்தான் எதிர் வக்கீல் மடக்கினார். 1957ஆம் ஆண்டுச் சட்டம் முதலில், எழுத்தில் குறித்த இசையைத்தான் இசைப்படைப்பு என்றது. அந்த நிபந்தனை 1994 திருத்தத்தில்தான் நீங்கியது. "கச்சேரி அதற்கு முந்தையது. ஸ்வரக் குறிப்பு எங்கே?" என்றார்.

அடுத்த வாய்தாவுக்கு அந்த அம்மாள் ஒரு பள்ளிக்கூடக் கணக்கு நோட்டோடு வந்தார். கட்டத்துக்கு ஒன்றாக அப்பா கையெழுத்தில் ஸ்வரம், கீழே சாகித்யம். அனுபல்லவியில் ஓரிடத்தில் நிஷாதத்தை அடித்துவிட்டுத் தைவதம் எழுதியிருந்தார். நாடாவிலும் தைவதமே கேட்டது. எதிர்த்தரப்பு சமரசத்துக்கு இறங்கியது.

அப்போதுதான் அந்தக் கச்சேரியில் வாசித்த மிருதங்க வித்வான் வந்தார். எண்பதைத் தாண்டியவர். தட்டின் ஒரு பக்கத்தில் இருபது நிமிடச் சொச்சம்தான் நன்றாகப் பதியும் என்பதால், கம்பெனி தனி ஆவர்த்தனத்தை வெட்டியிருந்தது.

"பாட்டு அவரோடது, சரி. அந்தத் தனி யாரோடது சார்?"

கலைஞருக்கும் தார்மீக உரிமை தரும் 38-பி பிரிவு 2012இல் வந்தது. பழைய கச்சேரிக்கு அது பொருந்துமா என்பதே வாதத்துக்குரியது. பொருந்தினாலும், நீளம் கருதி வெட்டுவதால் மட்டும் கலைஞரின் பெயருக்குக் கேடில்லை என்று விளக்கம் சேர்த்திருக்கிறார்கள். சட்டம் எழுதியவர்கள் பாதித் தனியில் காப்பி குடிக்க எழுந்துபோகிற ரகம் போலிருக்கிறது.

ஆனால் பாடல்களுக்கு அனுமதி என் கட்சிக்காரர் கையில் இருந்தது. தனி இல்லாவிட்டால் கையெழுத்தில்லை என்றுவிட்டார். கடைசியில் இரண்டு தட்டாக வந்தது. மூன்றாம் பக்கம் ராகமும் கீர்த்தனையும், நான்காவதில் தனி. வயலின்காரரின் வாரிசுகளைத் தேடிக் கையெழுத்து வாங்கியது வேறு கதை. இரட்டைத் தட்டு விலைக்குப் போகாது என்று கம்பெனி மேனேஜர் ஒப்பந்தத்தில் முத்திரை குத்தும்போதும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.