அயிரும் அயிரையும்

சங்கப் பாடல்களை உரையோடு படிக்கத் தொடங்கிய நாட்களில், அயிரை என்ற சொல்லுக்கு எதிரே 'ஒருவகைச் சிறுமீன்' என்ற குறிப்பைக் கண்டு நாங்கள் சிரித்ததுண்டு. மதுரைப் பக்கத்துக்காரர்களுக்கு இந்த அறிமுகம் தேவையா? கண்மாய் மடை திறந்தால் துணி விரித்து நாங்கள் அள்ளிய மீன் அது. உயிரோடு கொண்டுவந்து, பாலில் நீந்தவிட்டு மண்ணைக் கக்கவைத்து, கல்லுப்பிட்டு உரசிக் கழுவி, முழுதாகவே குழம்பில் இடுவார்கள்.

உண்ட அளவுக்கு அதை அறிந்தோமா என்றால், இல்லை. விரல் நீளமே உள்ள அம்மீனின் கண்ணுக்குக் கீழே, நிமிர்த்தவும் மடக்கவும் கூடிய முள் ஒன்றுண்டு. கையில் குத்தியபோதெல்லாம் துடுப்பு முள் என்றே நினைத்திருந்தோம். இதன் குடும்பத்து மீன்கள், நீரில் உயிர்வளி குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கும். குடலே அதை உறிஞ்சிக்கொள்ளும். எஞ்சியது பின்வழியே குமிழியாக வெளியேறும். வற்றும் குட்டையிலும் சந்தை வாளியிலும் உயிர் தாங்குவது இப்படித்தான்.

பிரெஞ்சு அறிஞர் வலான்சியேன் 1846இல் இதை விவரித்தார். மாதிரி வந்தது திருகோணமலைக்கு அருகிலுள்ள கன்னியா வெந்நீரூற்றிலிருந்து. ஆகவே அறிவியல் பெயர் லெபிடோசெபாலிக்திஸ் தெர்மாலிஸ் என்றாயிற்று. வெந்நீர் அதன் வழக்கமான வீடன்று. கிடைத்த இடம் பெயராகிவிட்டது. தமிழ்ப் பெயர் இன்னும் பொருத்தம் என்பது எங்கள் கட்சி. அயிர் என்றால் நுண்மணல். ஆபத்தென்றால் நொடியில் மணலுக்குள் புதைந்துகொள்ளும் மீனுக்கு வேறென்ன பெயர் இடுவது?

குறுந்தொகை 128இல் பரணர், கீழைக் கடற்கரையில் சிறகு தளர்ந்த நாரையொன்று மேற்கே தொண்டித் துறையின் அயிரைக்கு ஏங்குவதைச் சொல்கிறார். துறைமுகத்து நீரில் கிடைத்தது இதே மீன்தானா என்ற வாதம் எங்களுக்குள் இன்னும் தீரவில்லை.

மணலை லாரி லாரியாக அள்ளியபின் ஆற்றில் மிஞ்சுவது களியும் பாறையும். அழிவின் விளிம்பிலுள்ள இனங்களின் பட்டியலில் அயிரை இல்லை. பரவலாக வாழும் மீன்தான். அது எங்கோ இருக்கிறது என்பது எங்கள் ஆற்றுக்கு என்ன ஆறுதல்?

சென்ற மழைக்காலத்தில் சந்தையில் எந்தக் கண்மாய் மீன் என்று விசாரித்தோம். "வெளியூர்ச் சரக்குத்தாண்ணே" என்றார் விற்ற அம்மா. பிளாஸ்டிக் வாளியின் அடியைத் தலையால் முட்டிக்கொண்டிருந்தன மீன்கள். அரைக் கிலோ வாங்கினோம். குழம்பு நன்றாகத்தான் இருந்தது.