தூங்கினீர்களா?

ஆண்டுதோறும் பிப்ரவரி 11ஆம் நாள் வில்லியனூர் லூர்து அன்னை ஆலயத்தில் பெர்னதெத்தின் வரலாற்றைக் கேட்டு வளர்ந்தவன் நான். 1858ஆம் ஆண்டு அந்நாளில் பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி விறகு பொறுக்கச் சென்றாள். உடன் வந்த இருவரும் ஓடையைக் கடந்துவிட, அவள் மட்டும் குளிர்நீரில் கால் வைக்கத் தயங்கிப் பின்தங்கினாள். காலுறையைக் கழற்றும் வேளையில்தான் காற்றின் ஓசை கேட்டுக் குகையை நிமிர்ந்து நோக்கினாள். மறையுரையில் இதைக் கேட்கும்போதெல்லாம், 'தண்ணீரில் இறங்க இத்தனை தயக்கமா?' என்று என் சிறுமதி வினவும். சங்கராபரணி ஆற்றில் நாள் முழுதும் குதித்து விளையாடியவனுக்குக் குளிர் என்பது மார்கழி விடியற்காலையில் போர்வையை இழுத்து மூடிக்கொள்வதற்கு மேல் ஒன்றுமில்லை.

குளிர் என்றால் என்னவென்று பிற்காலத்தில் அறிந்துகொண்டேன். அதை எனக்குக் கற்பித்தது ஓர் இரவு. அந்த இரவைப் பற்றி இதுவரை என் மனைவியிடமும் ஒரு குருவானவரிடமும் தவிர வேறு எவரிடமும் நான் முழுமையாகக் கூறியதில்லை.

என் தந்தையார் வில்லியனூரில் மாட்டு வண்டி ஓட்டிப் பிழைத்தவர். பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுவை 1954இல் இந்தியாவின் நிருவாகத்துக்கு மாறி, 1962இல் ஒப்பந்தம் முறைப்படி நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புவோருக்கு ஆறு மாதத் தவணை அளிக்கப்பட்டது. எவரோ சொல்லக் கேட்டு அவரும் கையெழுத்திட்டார். அந்த ஒரு கையெழுத்தால் நான் பிற்காலத்தில் பிரெஞ்சுப் படையில் சேர்ந்தேன்; எங்கள் ஊர் வழக்கில் 'சொல்தா' ஆனேன். படையில் கனரக வண்டி ஓட்டக் கற்றேன். பதினைந்து ஆண்டுகள் பணியாற்றி ஓய்வூதியத்துடன் வெளிவந்த பின், பாரிசை அடுத்த சார்செல் நகரில் மனைவி மக்களுடன் குடியிருந்து, ஒரு நிறுவனத்தில் நெடுந்தொலைவு லாரி ஓட்டுநராக அமர்ந்தேன். ஸ்பெயின், இத்தாலி, ஜெர்மனி என்று வாரம் முழுவதும் சாலையிலேயே கழியும்.

அந்நாடுகளின் குளிர்காலச் சாலையைப் பற்றி நம் வாசகர்களுக்குச் சிறிது சொல்ல வேண்டும். டீசலில் கரைந்திருக்கும் மெழுகு கடுங்குளிரில் உறைந்து வடிகட்டியை அடைத்துவிடும். ஆதலால் குளிர்காலத்துக்கென்றே தனி டீசல் விற்பார்கள். வெப்பமான தெற்கில் நிரப்பிய எண்ணெயோடு மலையேறி, நடுவழியில் என்ஜின் நின்று தவித்தவர்கள் உண்டு. காற்றழுத்த பிரேக்கின் குழாய்களில் ஈரம் தங்கினால் அதுவும் உறைந்துபோகும். மலைச்சாலையில் பனி மூடியிருந்தால் சக்கரங்களுக்கு இரும்புச் சங்கிலி பூட்ட வேண்டும்; விரல்கள் மரத்துப்போய், கொக்கி மாட்டியதா இல்லையா என்பதும் தெரியாது. எல்லாவற்றினும் கொடியது சாலையின்மேல் கண்ணுக்குத் தெரியாமல் படரும் மெல்லிய பனிக்கட்டி ஏடு. பாலங்களின்மேல் அது முதலில் படரும். நாற்பது டன் எடையுள்ள வண்டி அதன்மேல் ஏறிவிட்டால், பிரேக்கும் திருப்பு சக்கரமும் இருந்தும் இல்லாதவையே.

ஆயினும் ஓட்டுநருக்குப் பனியைவிடப் பெரிய பகை உறக்கமின்மை. இதை உணர்ந்தே ஐரோப்பிய நாடுகள் சட்டம் வகுத்தன. நாலரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி நேரம் நிறுத்த வேண்டும். ஒரு நாளில் பொதுவாக ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓட்டலாகாது. அதன்பின் பதினொரு மணி நேர ஓய்வு. இவற்றைக் கண்காணிக்க வண்டியிலேயே ஒரு கருவி உண்டு. அந்நாட்களில் அதனுள் காகித வட்டு ஒன்றைச் செருகி வைப்போம். எப்போது ஓடினோம், எப்போது நின்றோம், என்ன வேகம் என்பதையெல்லாம் அதன் முள் கோடாகக் கீறிவிடும். பிரெஞ்சு ஓட்டுநர்கள் அதை 'முஷார்' என்பார்கள். காட்டிக்கொடுப்பவன் என்று பொருள். அன்றியும், பிரான்சில் சனிக்கிழமை இரவு பத்து மணி முதல் ஞாயிறு இரவு பத்து மணி வரையிலும், பொது விடுமுறை நாட்களில் அதே முறையிலும், பெரிய லாரிகள் ஓடக்கூடாது.

1990களின் பிற்பகுதியில் ஒரு டிசம்பர் 23. இத்தாலியில் மிலான் நகருக்கு அருகே ஓர் ஆலையில் பிற்பகல் இரண்டு மணிக்குச் சரக்கு ஏற்றித் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஏற்றி முடிக்கையில் இரவு பத்து. காலை ஆறு மணியிலிருந்து நான் பணியில் இருந்தேன். சட்டப்படி அங்கேயே படுத்திருக்க வேண்டும். ஆனால் அப்படிச் செய்தால், மறுநாள் இரவு பத்து மணிக்கு, கிறிஸ்து பிறப்பு விழாவின் தடை தொடங்குமுன் வீடு சேர முடியாது. என் ஆறு வயது மகள் குடில் கட்டி முடித்துவிட்டு, குழந்தை இயேசுவின் சுரூபத்தை நான் வந்துதான் வைக்க வேண்டுமென்று காத்திருந்தாள். முதலாளியும் தொலைபேசியில், "எப்படியாவது வந்து சேர்" என்றார். எப்படி என்று அவர் கூறவில்லை, நானும் கேட்கவில்லை. கருவியைத் திறந்து வட்டை உருவிக்கொண்டு புறப்பட்டேன்.

நள்ளிரவுக்குப் பின் மோன் பிளாங் மலைச் சுரங்கத்தை அடைந்தேன். 1965இல் திறக்கப்பட்ட அச்சுரங்கம் பதினொரு கிலோமீட்டருக்கும் மேல் நீளமானது. 1999 மார்ச் 24 அன்று அதனுள் ஒரு லாரி தீப்பற்றி 39 பேர் மாண்டனர். அவர்களுக்காக இன்றும் செபிக்கிறேன். அன்றிரவு சுரங்கத்தைத் தாண்டிப் பிரான்சுப் பக்கம் வெளிவந்ததும் பனி கொட்டிக்கொண்டிருந்தது. சங்கிலி பூட்டி, ஊர்ந்து இறங்கி, கீழே சங்கிலியைக் கழற்றினேன். கண்ணாடியை இறக்கிக் குளிர்காற்றை முகத்தில் வாங்கினேன். உரக்கச் செபமாலை சொன்னேன். எத்தனையாவது மணி என்பது தப்பிப்போயிற்று. உறக்கத்தை விரட்ட அன்னையின் பெயரையே கருவியாக்கினேன். அதை எண்ணினால் இன்றும் நாணுகிறேன்.

விடியற்காலை ஆறு மணியளவில், நாந்துவா ஏரிப் பக்கம் நெடும்பாலம் ஒன்றைக் கடந்த இடத்தில் கண் அயர்ந்துவிட்டேன். எத்தனை விநாடியென்று அறியேன். சாலை ஓரக்கோட்டின்மேல் சக்கரம் ஏறிய அதிர்வில் விழித்தபோது, விளக்கொளியில் ஒரு கார் ஓரமாக நிற்பதையும், ஒருவர் குனிந்து சங்கிலி பூட்டுவதையும், அவருக்குக் கைவிளக்குப் பிடித்தபடி ஒரு சிறுவன் நிற்பதையும் கண்டேன். அவன் தலையில் சிவப்புக் கம்பளித் தொப்பி. பிரேக்கை மிதித்திருந்தால் வண்டி வழுக்கி மூவரையும் முடித்திருக்கும். எவ்வாறோ மிதிக்காமல் சக்கரத்தைச் சிறிதே திருப்பினேன். கை நீட்டினால் தொடும் தொலைவில் அத்தொப்பி கடந்து சென்றது. அவ்வளவே. எவருக்கும் எதுவும் நேரவில்லை. அத்தந்தைக்கு இன்றுவரை ஒன்றும் தெரிந்திராது.

அடுத்த ஓய்விடத்தில் வண்டியை நிறுத்தினேன். கைகள் நடுங்கியதால் சாவியை உருவ முடியவில்லை. பக்கத்து லாரியிலிருந்து வயதான போர்ச்சுகீசிய ஓட்டுநர் ஒருவர் இறங்கி வந்து கதவைத் தட்டினார். என் முகத்தைப் பார்த்தார். வட்டில்லாத கருவியைப் பார்த்தார். குடுவையிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தார். பின்பு புதிய வட்டொன்றில் என் பெயரையும் மணியையும் என்னைக் கொண்டே எழுதச் செய்து, தம் கையால் கருவிக்குள் செருகினார். "தம்பி, இதை நாம் காட்டிக்கொடுப்பவன் என்கிறோம். முதலாளியிடம் 'இவன் களைத்துவிட்டான்' என்று சொல்ல உனக்கு வாயில்லை. உனக்காகச் சொல்ல இது ஒன்றுதான் இருக்கிறது. அதன் வாயையும் அடைக்கிறாயே!" என்றார்.

அப்போது என் தந்தையின் நினைவு வந்தது. ஆற்று மணலும் கரும்பும் ஏற்றிய நாட்களில், கூலி போனாலும் போகட்டுமென்று உச்சி வெயிலில் நுகத்தை அவிழ்த்துவிடுவார். "மாடு வாய் திறந்து சொல்லாதடா, நாம்தான் அறிந்து அவிழ்க்க வேண்டும்" என்பார். ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்கும் ஓய்வு. ஓய்வு நாள் கட்டளையில் ஊழியரும் எருதும் கழுதையுங்கூட இளைப்பாற வேண்டுமென்று இணைச்சட்ட நூல் கூறுவதை அவர் படித்தறிந்தவர் அல்லர். ஆயினும் அதன்படி நடந்தார். படித்த மகன் தன் மாட்டையே, அதாவது தன்னையே, அவிழ்க்க மறந்தான்.

மாலை ஐந்து மணி வரை உறங்கினேன். பின் புறப்பட்டு ஒசேர் நகருக்கு அருகே சென்றபோது மணி பத்தை நெருங்கியது. இன்னும் இரண்டு மணி நேரம் ஓட்டினால் வீடு! பண்டிகை இரவில் எவர் சோதிக்கப் போகிறார்கள் என்று சோதனைக்காரன் காதில் ஓதினான். ஓய்விடத்துக்குள் வண்டியைத் திருப்பிவிட்டு, அங்கிருந்த தொலைபேசிக் கூண்டிலிருந்து மனைவியை அழைத்தேன். நடந்ததில் பாதியைத்தான் சொன்னேன். அவள் அழுவாள், அல்லது சினந்துகொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ, "தூங்கினீர்களா?" என்று ஒன்றைத்தான் கேட்டாள். தூங்கினேன் என்றேன். "அப்படியானால் சரி. குழந்தையிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்" என்றாள்.

அந்த ஓய்விடத்தில் பத்துப் பன்னிரண்டு லாரிகள் நின்றன. போலந்து நாட்டவர் ஒருவர் தம் வண்டியில் விளக்கேற்றி எங்களை அழைத்தார். கிறிஸ்து பிறப்பு முன்னிரவில் அப்பம் போன்ற மெல்லிய தகடொன்றைப் பிட்டு ஒருவருக்கொருவர் கொடுத்து வாழ்த்துவது அவர்கள் குடும்ப வழக்கம். எதிர்பாராமல் வரும் விருந்தினருக்கென உணவு மேசையில் ஓரிடத்தைக் காலியாகவும் வைப்பார்களாம். அன்று அந்தக் காலி இடம் எனக்குக் கிடைத்தது. என் மனைவி கட்டிக் கொடுத்திருந்த அதிரசமும் முறுக்கும் கைமாறின. ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. திருப்பலியில்லாத கிறிஸ்து பிறப்பு எனக்கு வாழ்நாளில் அது ஒன்றே. 25 இரவு பத்து மணிக்குப் புறப்பட்டு, நள்ளிரவு கடந்து வீடு சேர்ந்தேன். குடிலில் வைக்கோல் வெறுமையாக இருந்தது. மகள் உறக்கத்திலிருந்து எழுந்து வந்து சுரூபத்தை என் கையில் கொடுத்தாள்.

மறுவாரம் பாவசங்கீர்த்தனத்துக்குச் சென்றேன். பெருவிழாத் திருப்பலிக்குப் போகாததை அறிக்கையிட்டு, மற்றதையும் சொன்னேன். முதிய குருவானவர் சற்று நேரம் பேசாதிருந்தார். "மகனே, நீர் மூன்றாம் கட்டளையைப் பற்றிக் கவலைப்படுகிறீர். நீர் மீறத் துணிந்தது ஐந்தாம் கட்டளை" என்றார். கொலை பற்றிய கட்டளை என்னைத் தொடும் என்று அதுவரை நான் எண்ணியதே இல்லை.

திருச்சபையின் போதனையும் அதுவே. 1992இல் வெளிவந்த மறைக்கல்வி ஏடு, சாலையில் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிப்பதை ஐந்தாம் கட்டளையின் கீழேயே வைத்துப் பேசுகிறது. 2007 ஜூன் மாதம் வத்திக்கான் வெளியிட்ட சாலைப் பணி வழிகாட்டியில் ஓட்டுநர்களுக்கெனப் பத்துக் கட்டளைகள் உள்ளன. முதலாவது கொலையைத் தடுப்பதே. தொழிலாளிக்கு ஓய்வு அவனது உரிமை என்பதைத் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891லேயே தம் சுற்றுமடலில் வலியுறுத்தினார்.

ஓய்வு பெற்று வில்லியனூர் திரும்பிவிட்டேன். பிரான்சிலிருந்து 1877இல் வந்த அன்னையின் சுரூபத்தின் முன் மாலையில் அமரும்போது, ஆலயத்தருகே வந்து நிற்கும் வேன்களைப் பார்க்கிறேன். ஓட்டுபவர்கள் பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள். நம் நாட்டிலும் ஓட்டுநருக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை என்று 1961ஆம் ஆண்டுச் சட்டமே வரையறுத்தது. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்காகப் பேச வட்டும் இல்லை, முள்ளும் இல்லை. பகலெல்லாம் ஆலைக்குச் சரக்கு ஓட்டியவனை, இரவு வேளாங்கண்ணிக்கு வரச் சொல்கிறோம். மறுநாள் அலுவலகத்துக்குத் திரும்பிவிட வேண்டுமென்று அவசரப்படுத்துகிறோம். "எப்படியாவது போய்ச் சேர்" என்று என் முதலாளி சொன்னதையே, பக்தியின் பெயரால் நாமும் சொல்கிறோம்.

கிறிஸ்தவக் குடும்பத்தவரே, வண்டி கிளம்பியதும் நாம் செபமாலையைத் தொடங்குவது வழக்கம். இனி முதல் மணியை எடுக்குமுன் ஓட்டுநரின் பக்கம் திரும்பி, "தம்பி, நேற்று இரவு தூங்கினாயா?" என்று கேளுங்கள். அவன் தயங்கினால் வண்டி நிற்கட்டும். அவனுக்கு ஒரு பாயும் தலையணையும் கொடுங்கள். மாதா மறுநாள் காலையிலும் அங்கேதான் இருப்பாள்.