தலைச்சுற்றும் தமிழ்ச் சொல்லும்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருகவென மலர்க் குழுவினர் எம்மைக் கேட்டபோது, இலக்கியப் பொருளொன்றையே அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். தமிழாசிரியரிடம் வேறு யாது எதிர்பார்ப்பது? ஆயினும் செய்யுள் நயங்களை எடுத்துரைக்க எம்மினும் வல்லார் பலர் இம்மலரில் உளர். ஆதலின், எம்மை ஏழு திங்கள் வாட்டிய நோயொன்றையும், அது தீர்ந்த வகையையும் ஈண்டுக் கூறத் துணிந்தோம். பழைய மாணவருள் ஐம்பதும் அறுபதும் கடந்தோர் பலராதலின், இஃது அவர்களுக்குப் பயன்படும் என்பது எமது நம்பிக்கை.

2023ஆம் ஆண்டு மாசித் திங்களில் ஒரு விடியற்காலை, படுக்கையில் வலப்பக்கம் திரும்பினோம். அவ்வளவே, கூரையும் சுவரும் சுழன்றன. கண்ணை மூடினும் சுழற்சி விடவில்லை. அரை நிமிடத்துள் அது தானே அடங்கிற்று. குமட்டல் மட்டும் நெடுநேரம் நின்றது. அன்று தொடக்கம், கரும்பலகையின் மேல்வரியில் எழுத அண்ணாந்தாலும், கீழே விழுந்த வெண்கட்டியை எடுக்கக் குனிந்து நிமிர்ந்தாலும் அதே சுழற்சி. மேசையைப் பற்றிக்கொண்டே யாப்பிலக்கணம் நடத்தினோம். இருபது ஆண்டுக்கு மேலாக ஓட்டிவந்த துவிச்சக்கர வண்டி தலைவாசலில் சாய்ந்து கிடந்தது.

நோயினும் கொடியது பிறர் பார்வை. ஒருநாள் காலைச் சந்தியில் நாம் தள்ளாடி வேலியைப் பிடித்ததைக் கண்ட ஒருவர், "வாத்தியாரும் தொடங்கிவிட்டார் போலும்" என்றார். கள்ளுண்ணாமை அதிகாரத்தைப் பல்லாண்டு கற்பித்த எமக்கு அச்சொல் நெஞ்சிற் தைத்தது. மூத்த மகள் உயர்தர வகுப்பிற் படிக்கும் காலம். வீட்டிற்கு வருவது எமது சம்பளம் ஒன்றே. நின்று கற்பிக்க இயலாத ஆசிரியன் முன்கூட்டியே இளைப்பாறுவதன்றி வேறு வழியுண்டோ என இரவுகளில் எண்ணினோம். கடிதத்தின் வாசகம்கூட மனத்தில் உருவாயிற்று.

வைத்தியம் தேடாமல் இருந்தோமல்லோம். மறுநாளே ஊர் வைத்தியரிடஞ் சென்றோம். அவர் குருதியமுக்கத்தை அளந்து, தலைச்சுற்றுக் குளிசை தந்தார். அது தூக்கத்தைத் தந்ததேயன்றிச் சுழற்சியை நீக்கவில்லை. பின்னர் ஒருவர் மூக்குக்கண்ணாடியை மாற்றுவித்தார். தனியார் வைத்தியசாலையொன்றில் எக்ஸ்ரே படம் எடுத்துக் கழுத்தெலும்புத் தேய்வு என்றனர். ஆறு கிழமை கழுத்துப்பட்டி அணிந்தோம். பரியாரியார் பித்தம் என்று எண்ணெய் காய்ச்சித் தந்தார். எவரையும் குறைகூறுதல் எம் நோக்கமன்று. ஆயினும், "தலைச்சுற்றா?" என்று கேட்பதும், நாம் "ஓம்" என்றவுடன் பேனா தாளிற் பதிவதுமாகவே ஒவ்வொரு சந்திப்பும் முடிந்தது.

ஆவணியில், எமது மனைவியாரின் வற்புறுத்தலால் அரசினர் வைத்தியசாலையொன்றின் காது மூக்குத் தொண்டைக் கிளினிக்குக்குச் சென்றோம். நண்பகல் கடந்தே எமது இலக்கம் வந்தது. அங்கிருந்தவர் எமது மாணவியர் வயதினரான இளம் வைத்தியர். அவர் சொன்னார்:

"சேர், 'தலைச்சுற்று' எண்ட சொல்லை ஒரு பக்கம் வைச்சிட்டுச் சொல்லுங்கோ. கண் இருண்டு விழப்போற மாதிரி வருகுதோ? வீடு சுழலுதோ? இல்லாட்டிக் கால்தான் நிலையில்லாமல் தள்ளாடுதோ?"

எத்தனை விநாடி நிற்கிறது, எவ்வசைவில் வருகிறது, காது இரைகிறதா, கேள்வி குறைந்ததா என அடுத்தடுத்து வினவினார். பலபொருள் குறித்த ஒருசொல் என்று மாணவர்க்கு நாம் நாள்தோறும் விளக்கும் இலக்கணம், வைத்தியரின் மேசையில் எம்மை எதிர்கொண்டது. மயக்கம் வேறு, சுழற்சி வேறு, தள்ளாட்டம் வேறு. முன்னது இதயத்தையும் குருதியமுக்கத்தையும் சாரலாம். நடுவது பெரும்பாலும் உட்செவியைச் சாரும். பின்னது நரம்பையோ காலையோ சாரலாம். மூன்றையும் ஒரு சொல்லில் அடக்கினால், வைத்தியர் எவ்வழி செல்வார்?

பின்பு எம்மை மேசைக்கட்டிலில் இருத்தி, தலையை வலப்பக்கம் 45 பாகை திருப்பி, தலை விளிம்பைத் தாண்டித் தாழுமாறு விரைந்து படுக்கச் செய்தார். சில விநாடியில் உலகம் சுழன்றது. அவரோ அமைதியாக எம் கண்களையே நோக்கியிருந்தார். கண்மணிகள் துடித்துச் சுழலும் திசையே நோயின் இருப்பிடத்தைக் காட்டுமாம். இச்சோதனை 1952இல் டிக்ஸ், ஹோல்பைக் என்னும் இருவர் விளக்கியது.

அவர் கூறிய காரணம் இது. உட்செவியில் நீர் நிறைந்த அரைவட்டக் கால்வாய்கள் மூன்று உள. அவற்றை அடுத்த சிறு பையொன்றில் கல்சியங் காபனேற்றுத் துகள்கள் படிந்திருக்கும். வயதினாலோ, தலையில் அடிபட்டதாலோ, வெளிப்படையான காரணம் ஏதுமின்றியோ அத்துகள்கள் கழன்று கால்வாயுள் விழுவதுண்டு. தலை அசையும்போது அவை நகர்ந்து நீரைத் தள்ளும். தலை சுழல்கிறதெனச் செவி சான்று கூறும். இல்லையெனக் கண்ணும் காலும் மறுக்கும். முரண்பட்ட சான்றுகளிடையே மூளை தடுமாறும். அத்தடுமாற்றமே நோய். 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்ற இரொபேட் பாரனி 1921இல் இதனை விவரித்தார். உட்செவி ஆராய்ச்சிக்காகப் பரிசு அறிவிக்கப்பட்டபோது, அவர் உருசியாவிற் போர்க்கைதியாக இருந்தார் என்பதும் அறியத்தக்கது.

வைத்தியம் குளிசையன்று. படுத்தபடியே தலையை இடப்பக்கம் திருப்பி, உடலையும் இடப்பக்கம் புரட்டி, முகம் நிலத்தை நோக்கச் செய்து, ஈற்றில் எழுப்பி இருத்தினார். ஒவ்வொரு நிலையிலும் ஏறத்தாழ ஒரு நிமிடம். துகள்கள் வந்த வழியே பைக்குத் திரும்பும் வகையில் அமைந்த இம்முறையை அமெரிக்கரான எப்பிளி வகுத்தார். பத்து நிமிடமும் ஆகவில்லை. அடுத்த கிழமை ஒருமுறை மீண்டும் செய்தார். அதன்பின் சுழற்சி வரவில்லை. எஞ்சிய சிறு தள்ளாட்டமும் நடைப்பயிற்சியால் சில கிழமைகளில் அகன்றது. கடிதம் எழுதப்படவில்லை, வண்டி மீண்டும் வீதிக்கு வந்தது. இந்நோய் சிலர்க்குத் திரும்பவும் வருவதுண்டு. எமக்கும் மறு ஆண்டில் ஒருமுறை தலைகாட்டிற்று. அதே முறையால் அகன்றது.

இதனைப் படிப்போர், எல்லாச் சுழற்சியும் இதுவே எனக் கொள்ளற்க. பேச்சுக் குழறல், ஒருபக்கக் கைகால் வலுவிழத்தல், பார்வை இரட்டித்தல், பொறுக்கொணாத திடீர்த் தலையிடி, நிற்கவே இயலாமை ஆகியன உடன் வரின், ஒரு நொடியும் தாழ்க்காது வைத்தியசாலைக்குச் செல்க. அது மூளைக் குருதியோட்டத் தடையாக இருத்தல் கூடும். காதிரைச்சலும் கேள்விக்குறைவும் மணிக்கணக்கான சுழற்சியும் சேர்ந்து வருவது, 1861இல் மெனியர் விவரித்த வேறொரு நோயாகலாம். நோய் இன்னதெனத் துணியுமுன் தலையைத் தாமே திருப்பிச் சோதித்தலும் நன்றன்று.

மாணவ மணிகளுக்கும் ஒரு சொல். 1847இல் யாழ்ப்பாணம் வந்த கிறீன் வைத்தியர், மானிப்பாயில் மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, தமிழில் வைத்திய நூல்களும் வெளிவரச் செய்தார். நோயாளியின் சொல்லை வைத்தியர் அறியவேண்டும் என்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார். உங்களுட் பலர் நாளை வைத்தியராவீர். தமிழ்ப் பாடம் புள்ளிக்காக மட்டும் என எண்ணற்க. வள்ளுவர் மருந்து அதிகாரத்தின் இறுதியில் நோயாளி, வைத்தியன், மருந்து, உடனிருந்து உதவுவோன் என மருத்துவத்தை நாற்கூறாக்கினார். நால்வரையும் பிணைக்கும் நூல் சொல்லேயாம். நோயுற்றோர் நோயைப் பெயரிட்டுக் கூறாது, நிகழ்ந்தவாறு கூறுக. வைத்தியராவோர் அதனை முற்றக் கேட்க.

கல்லூரி அன்னை பல்லாண்டு வாழ்க! அவள் மக்கள் நிலைபெயராது நிற்க!