பிட்ஸ்ராய் சதுக்கத்தில் ஒரு சேலத்துக்காரர் வித்திட்ட வீடு

லண்டனில் வாரன் ஸ்ட்ரீட் ஸ்டேஷனை விட்டு மேலே ஏறி வந்தால், கொஞ்ச தூர நடையில் பிட்ஸ்ராய் சதுக்கம். கிழக்கிலும் தெற்கிலும் ராபர்ட் ஆடம் வரைந்த வெண்கல் வீடுகள். 29ஆம் எண் வீட்டில் பெர்னார்ட் ஷா இருந்தார், பிறகு வர்ஜீனியா வுல்ஃப் இருந்தார். வெனிசுவேலாவின் விடுதலைக்குப் போராடிய மிராண்டாவின் சிலையும் இங்கே நிற்கிறது. நாடு விட்டு வந்த அவர் அடுத்த தெருவில்தான் குடியிருந்தார். இத்தனைக்கும் நடுவே, 41ஆம் எண் வாசலில் நுழைந்ததும் கடுகு தாளித்த வாசனை! இந்தியன் ஒய்.எம்.சி.ஏ. மாணவர் விடுதி.

திருச்சி எடமலைப்பட்டி புதூரில் எங்கள் தெருவில் வளர்ந்த பையன் மேல்படிப்புக்கு வந்து இங்கே தங்கியிருக்கிறான். "வாங்க மாமா, பேச்செல்லாம் அப்புறம், முதல்ல சாப்பிடுங்க" என்று தட்டை நீட்டினான். சோறு, பருப்பு, கோழிக்குழம்பு. எங்கள் மேஜையில் ஒரு நைஜீரிய மாணவர், ஒரு குஜராத்திப் பெண், கொழும்புப் பையன் ஒருவன். சாப்பிடும் முன் ஒருவர் கண்மூடி ஜெபித்தார், இன்னொருவர் 'பிஸ்மில்லா' என்றார். யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

இந்த வீட்டுக்கு வித்திட்டவர் சேலத்தில் 1876இல் பிறந்த கே.டி. பால். கனகராயன் திருச்செல்வம் பால் என்பது முழுப்பெயர். இந்திய ஒய்.எம்.சி.ஏ.வின் தேசியப் பொதுச்செயலாளராக வந்த முதல் இந்தியர். சேலத்துக்காரர் லண்டனில் ஏன் விடுதி திறக்க வேண்டும்? இதைக் கேட்டால் நம் திருச்சிக் கதை ஒன்று குறுக்கே வரும்.

வரகனேரி வ.வே.சு. ஐயர் பாரிஸ்டர் படிக்க 1907இல் லண்டன் வந்தார். தங்கியது ஹைகேட்டில் ஷியாம்ஜி கிருஷ்ண வர்மா நிறுவிய மாணவர் விடுதியான இந்தியா ஹவுஸில். 1909இல் இந்திய மாணவர் மதன்லால் டிங்ரா பிரிட்டிஷ் அதிகாரி கர்சன் வைலியைச் சுட்டுக்கொன்ற பிறகு, இந்திய மாணவன் என்றாலே போலீசுக்குச் சந்தேகம். ஐயர் மாறுவேடத்தில் தப்பிப் புதுச்சேரி சேர்ந்தார். குரோம்வெல் ரோட்டில் அரசாங்கம் இந்திய மாணவர்களுக்கென்று ஒரு இடம் வைத்தபோது, அது தங்களை உளவு பார்க்கத்தான் என்று மாணவர்கள் நினைத்தார்கள். வெளியே வீடு தேடினாலோ, தோலின் நிறத்தைப் பார்த்துக் கதவைச் சாத்தினார்கள்.

அந்தச் சமயத்தில்தான், 1920இல், பால் வந்தார். கெப்பல் ஸ்ட்ரீட்டில், முதல் உலகப்போரின்போது நியூசிலாந்துச் சிப்பாய்கள் இளைப்பாற ஒய்.எம்.சி.ஏ. போட்டிருந்த 'ஷேக்ஸ்பியர் ஹட்' என்ற மரக் கொட்டகையில் இந்திய மாணவர் சங்கமும் விடுதியும் தொடங்கின. 1923இல் கோவர் ஸ்ட்ரீட்டுக்கு மாறியது. இரண்டாம் உலகப்போரில் அந்த வீட்டின் மேல் குண்டு விழுந்தது. இப்போதைய கட்டடம் 1953இல் திறந்தது. 1951 பிரிட்டன் விழாவின் பிரம்மாண்ட 'டோம் ஆஃப் டிஸ்கவரி'யை வரைந்த ரால்ஃப் டப்ஸ் இதையும் வரைந்தார். கொட்டகை எங்கே, இது எங்கே!

ஆனால் எனக்கு வியப்பு கட்டடத்தில் இல்லை. பால் ஊழியக்காரர். 1905 கிறிஸ்துமஸ் அன்று செராம்பூரில், வெள்ளாளன்விளை அசரியாவோடு சேர்ந்து தேசிய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியவர். அந்த அசரியாதான் 1910இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் எழுந்து, மிஷனெரிமார் எங்களுக்கு எவ்வளவோ தந்தீர்கள், சிநேகிதர்களையும் தாருங்கள் என்று மன்றாடியவர். எடின்பரோவில் அசரியா வெள்ளைக்காரரிடம் நட்பைக் கேட்டது, ஊழியம் செய்ய வந்த அவர்கள் இந்தியரைச் சமமாக நடத்த வேண்டும் என்பதற்காக. பத்து வருஷத்தில் பால் அதே நட்பை லண்டனில் இந்தியர் கையால் பரிமாறிவிட்டார். இந்து, முஸ்லிம், சீக்கியர் எல்லோருக்கும் கதவு திறந்திருந்தது. மதம் மாறினால்தான் அறை என்ற பேச்சே இல்லை. அந்நியனைச் சேர்த்துக்கொள்வது கிறிஸ்துவையே சேர்த்துக்கொள்வது என்று மத்தேயு 25ஆம் அதிகாரத்தை அப்படியே நம்பிய மனிதருக்கு, சோறும் படுக்கையும் பேச்சுத்துணையும் ஊழியத்தின் முன்னுரை அல்ல, ஊழியமேதான். நான் கேட்ட பிரசங்கங்களில் பலவற்றைவிட இந்தக் கேன்டீன் எனக்குத் தெளிவாகப் பேசியது.

முதல் வட்டமேஜை மாநாட்டுக்கு 1930இல் இந்தியக் கிறிஸ்தவர்களின் பிரதிநிதியாகப் பால் மறுபடி லண்டன் வந்தார். 1931 ஏப்ரலில் சேலத்தில் காலமானார். ஐம்பத்தைந்து வயது.

"மாமா, நம்ம ஊர்ல இப்படி ஒண்ணு இருக்கா?" என்றான் பையன். என்.ஐ.டி.யில் வெளிநாட்டு மாணவர்கள் படிக்கிறார்கள். வடகிழக்கிலிருந்தும் வருகிறார்கள். பஞ்சப்பூரில் பேருந்து நிலையம் வந்த பிறகு புதூர்ப் பக்கமும் புதுமுகங்கள் அதிகம். வாடகைக்கு வீடு கேட்டால் நாம் முதலில் கேட்பது 'நீங்க என்ன ஆளுங்க?' என்றுதான். அதைச் சொல்லவே எனக்கு வலித்தது.

அன்று இரவே எங்கள் சபைப் போதகருக்குப் போன் போட்டேன். ஆராதனை முடிந்தபின் மாடி ஹால் பூட்டித்தான் கிடக்கிறது. ஞாயிறு மதியம் வெளியூர், வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடலாம், ஜெபத்துக்கு உட்காருவதும் உட்காராததும் அவர்கள் இஷ்டம் என்றேன். "சமையலுக்கு யார் ஐயா?" என்று கேட்டார். என் வீட்டிலிருந்து இரண்டு பேர், மீதிக்கு மாதர் சங்கத்தைக் கேட்கலாம் என்றேன். ஜூனில் கல்லூரி திறந்ததும் தொடங்குவதாகப் பேசியிருக்கிறோம்.